தோட்டத்துத் தாங்குசுவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டத்துக்கு நான் இரண்டு தாங்குசுவர்கள் கட்டியிருக்கிறேன். முதலாவது இப்போது இல்லை. இரண்டாவது நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே படித்தது, கேட்டது, தோண்டிப் பார்த்தது எல்லாம் இங்கே கேள்வி பதிலாக இருக்கிறது. இடுப்பு உயரம் வரையிலான சுவர்களுக்குத்தான் இது பொருந்தும். அதற்கு மேல் போகிறவர்கள் மூன்றாவது கேள்வியை மட்டும் படித்துவிட்டு நேரே ஒரு கட்டுமானப் பொறியாளரைப் பாருங்கள்.

தாங்குசுவரும் மதில்சுவரும் ஒன்றுதானே?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். மதிலுக்கு இரண்டு பக்கமும் காற்று. தாங்குசுவருக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் மண். உலர்ந்த மணலை ஓர் இடத்தில் கொட்டிப் பாருங்கள். அது கூம்பாகத்தான் குவியும். அந்தக் கூம்பின் சரிவு தரையோடு ஏறத்தாழ 30 முதல் 35 பாகை இருக்கும். அப்படிச் சரிந்து கிடக்க வேண்டிய மண்ணை நாம் செங்குத்தாக நிற்கச் சொல்கிறோம். அதனால் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய மண்துண்டு, இரவு பகல் பாராமல் சுவரின் முதுகில் சாய்ந்துகொண்டே இருக்கிறது.

மதில் கட்டிப் பழகிய கை தாங்குசுவரையும் மதில் மாதிரியே கட்டிவிடும். ஒற்றைக் கல் அகலம், நேர்க்குத்து, பின்னால் வெட்டிய மண்ணையே தள்ளி நிரப்புவது. என் முதல் சுவர் அப்படிக் கட்டியதுதான்.

மண் உண்மையில் எவ்வளவு தள்ளும்?

தண்ணீர் வடிந்த, மணற்பாங்கான மண் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் உயரச் சுவரில், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 300 கிலோ எடையளவு தள்ளல் இருக்கும். உயரத்தை 2 மீட்டராக்கினால் 600 கிலோதானே என்று தோன்றும். ஆனால் அது 1,200 கிலோ. உயரம் இரட்டிப்பானால் தள்ளல் நான்கு மடங்கு. சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் வலு எட்டு மடங்கு. காரணம் எளிது: கீழே போகப் போக அழுத்தம் கூடுகிறது, தள்ளல் விழும் இடமும் உயரத்தோடு சேர்ந்து மேலே ஏறுகிறது.

இப்போது அதே 1 மீட்டர் சுவருக்குப் பின்னால் மழைநீர் மேல்விளிம்பு வரை தேங்கி நிற்கிறது என்று வையுங்கள். 300 கிலோ என்பது 650 கிலோவைத் தாண்டிவிடும். அதில் முக்கால் பங்கு மண்ணுடைய வேலையே இல்லை, தண்ணீருடையது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இந்தக் கணக்கை வையுங்கள்.

இந்தக் கணக்குக்கு வழிபோட்டவர் கூலூம். பள்ளியில் மின்னேற்ற விதியில் வருகிறாரே, அதே பிரெஞ்சுக்காரர்தான். ராணுவப் பொறியாளராக மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டும் வேலையில் இருந்தவர். மண் அழுத்தம் பற்றிய அவருடைய கட்டுரை 1776இல் அச்சானது. மின்சாரத்துக்கு அவர் வந்தது அதற்குப் பிறகு.

எவ்வளவு உயரம் வரை நானே கட்டலாம்?

60 செ.மீ. வரை, பொறுமை இருந்தால் யாரும் கட்டலாம். 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை, இங்கே சொல்லியிருப்பதை ஒன்றையும் விடாமல் செய்கிறவர் கட்டலாம். 1 மீட்டருக்கு மேல் என்றால் பொறியாளர் வரைந்து தரட்டும். பல நாடுகளின் கட்டட விதிகளும் 1 முதல் 1.2 மீட்டருக்குள்தான் கோடு போடுகின்றன. அதற்கு மேல் அனுமதியும் கணக்கும் கேட்பார்கள். சில இடங்களில் இந்த உயரத்தை வெளியே தெரியும் தரையிலிருந்து அளக்காமல் அஸ்திவாரத்தின் அடியிலிருந்து அளப்பார்கள். அளவு சொல்லும் முன் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரம் குறைவாக இருந்தாலும் பொறியாளர் தேவைப்படும் இடங்கள் உண்டு. சுவருக்கு மேலே கார் நிற்கும், வீட்டின் அஸ்திவாரம் பக்கத்தில் இருக்கிறது, மேலே மண் மறுபடியும் சரிவாக ஏறுகிறது, கீழே ஊற்று கசிகிறது, மண் வெறும் களிமண். இதில் ஒன்று இருந்தாலும் உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சுவர் கட்டாமலே சமாளிக்க முடியாதா?

பல தோட்டங்களில் முடியும். யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம். சரிவு சாதுவாக இருந்து, மண் அரிப்பு மட்டும்தான் தொல்லை என்றால் வேர் பிடிக்கும் செடிகளே போதும். வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்காக, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நட்டால் அதுவே உயிருள்ள வரப்பாகிவிடும். வேர் பக்கவாட்டில் ஓடாமல் செங்குத்தாக 2, 3 மீட்டர் கீழே இறங்கும். இன்று உலகம் முழுக்கச் சரிவைப் பிடித்து நிறுத்த இதை நடுகிறார்கள், நம் சொல்லையே கொஞ்சம் திரித்து ‘வெட்டிவர்’ என்று அழைக்கிறார்கள்.

சமதளம் வேண்டும், உட்கார இடம் வேண்டும், காய்கறிப் பாத்தி போட வேண்டும் என்றால் சுவர்தான் வழி. அப்போதும் ஒரே உயரச் சுவராகக் கட்டாமல் இரண்டு குட்டைச் சுவர்களாகப் படி அமைக்கலாமா என்று முதலில் பாருங்கள்.

படிப்படியாக இரண்டு சுவர் என்றால் இடைவெளி எவ்வளவு?

கீழ்ச்சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது. கீழ்ச்சுவர் 60 செ.மீ. என்றால் மேல்சுவர் அதிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் தொடங்க வேண்டும். நெருக்கிக் கட்டினால் மேல்சுவரின் எடை முழுவதும் கீழ்ச்சுவரின் முதுகில் ஏறும். அப்புறம் அது இரண்டு 60 செ.மீ. சுவர் இல்லை, படிக்கட்டு வேஷம் போட்ட ஒரு 1.2 மீட்டர் சுவர்.

கட்டும் முன் யாரிடம் பேச வேண்டும்?

உள்ளாட்சி அலுவலகம், பக்கத்து வீட்டுக்காரர், நிலத்தடியில் குழாயும் கேபிளும் போட்டவர்கள். அஸ்திவாரத்தையும் சேர்த்துச் சுவர் முழுவதும் உங்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும். வடியும் தண்ணீரும் உங்கள் எல்லைக்குள்ளேயே ஒரு வழி தேடிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பக்கம் பைப்பைத் திருப்பிவிட்டு, “மழைத் தண்ணிதானே” என்று சொன்னால் சுவர் நின்றாலும் உறவு சாயும்.

என் மண் எப்படிப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அகல வாய்க் கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து, மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதித் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும். வண்டல் படிய ஓரிரண்டு மணி நேரம் ஆகும். களிமண் மறுநாள் வரை தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மறுநாள் பாட்டிலின் பக்கவாட்டில் மூன்று பட்டைகள் தெரியும். களிமண் பட்டை தடிமனாக இருந்தால், வெட்டி எடுத்த மண்ணை மறுபடி சுவருக்குப் பின்னால் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். வருடத்துக்கு வருடம் சுவரை ஒரு நூல், ஒரு நூலாக வெளியே நகர்த்தும்.

பாட்டில் இல்லாவிட்டால் கையே போதும். ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். பென்சில் கனத்துக்குக் கயிறாகத் திரிந்து, வளைத்தாலும் உடையாமல் இருந்தால் களிமண்தான்.

எந்தப் பொருளில் கட்டுவது நல்லது?

எனக்குப் பிடித்தது காரை பூசாமல் அடுக்கும் கல்சுவர். அதன் ஒவ்வொரு இடுக்கும் ஒரு வடிகால். மண் கொஞ்சம் அசைந்தால் சுவரும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், விரிசல் விடாது. பிழை செய்தால் கழற்றி மறுபடி அடுக்கலாம். ஆனால் அடி அகலம் உயரத்தில் பாதியாவது வேண்டும். முகம் மண் பக்கமாகச் சாய வேண்டும்: ஒவ்வொரு 30 செ.மீ. உயரத்துக்கும் சுமார் 5 செ.மீ. உள்ளே. கல்லின் நீளமான பக்கத்தை வெளியே காட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பிடி இருக்காது. நீளம் உள்ளே போக வேண்டும். மூட்டு மேல் மூட்டு வரக்கூடாது. நடுவில் உள்ள வெற்றிடத்தை மண்ணால் அடைக்காமல் சில்லுக்கல்லால் இறுக்க வேண்டும். ஒவ்வொரு கல்லையும் வைத்தபின் அதன் மேல் ஏறி நின்று பாருங்கள். ஆடினால் எடுத்துத் திருப்பி வையுங்கள். ஒரு கல்லுக்கு நான்கு முறை திருப்பியதும் உண்டு.

காரை வைத்துக் கட்டும் கருங்கல் சுவரும் இதே கனத்தில் வர வேண்டும். அதற்கு வடிகால் துளை கட்டாயம்.

தாங்குசுவருக்கென்றே வரும் கான்கிரீட் பிளாக்குகள், ஒன்றன் மேல் ஒன்று கொளுவிக்கொண்டு ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் பின்வாங்கும்படி அமைந்தவை, முதன்முறை கட்டுகிறவருக்கு நல்ல தேர்வு. முதல் வரிசை மட்டம் பிசகாமல் அமைந்துவிட்டால் மீதி தானாக வரும்.

ஹாலோ பிளாக்கில் கட்டினால், கீழே கம்பி போட்ட கான்கிரீட் அடித்தளம், அதிலிருந்து கிளம்பி வரும் நேர்க்கம்பி, பிளாக்கின் ஓட்டைகளில் கான்கிரீட் என மூன்றும் வேண்டும். வெறும் பிளாக்கை அடுக்கிப் பூசினால் அது தாங்குசுவர் ஆகாது. கம்பி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் அனுபவம் உள்ளவர்களே தடுமாறுகிறார்கள். சுவர் வெளிப்பக்கம் பிதுங்கப் பார்க்கிறது, அதனால் கம்பியை வெளிப்பக்கம் வைக்கலாம் என்று தோன்றும். சுவரின் அடி நிலத்தில் ஊன்றியிருக்கிறது, தலை வெளியே வளைகிறது; அப்போது இழுபடுவது மண்ணைப் பார்த்த முகம். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே கம்பி மண் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

கம்பிவலைக் கூடையில் கல் நிரப்பும் கேபியன், தண்ணீர் அதிகம் வரும் இடத்துக்குச் சிறந்தது. ஆனால் அகலம் எடுக்கும், சிறிய தோட்டத்தில் இடத்தைத் தின்றுவிடும். மரம் சீக்கிரம் கட்டலாம், சீக்கிரம் உளுக்கும். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் மலிவாகக் கிடைத்தாலும் காய்கறிப் பாத்திப் பக்கம் கொண்டுவராதீர்கள். அவை உளுக்காமல் இருக்க ஏற்றியிருக்கும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் மண்ணில் இறங்கக்கூடியது. ஒற்றைச் செங்கல் சுவர், பூச்செடித் தொட்டி உயரத்துக்கு மேல் வேண்டாம்.

அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்?

அடுக்குக் கல்லுக்கும் பிளாக்குக்கும் 30 செ.மீ. ஆழ வாய்க்கால் போதும். அதில் 15 செ.மீ. ஜல்லி, மேல் 15 செ.மீ. சுவரின் புதைந்த பகுதி. சுவர் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, அல்லது 15 செ.மீ., இதில் எது அதிகமோ அந்த அளவு நிலத்துக்குள் இருக்க வேண்டும். புதைந்த அந்த வரிசைதான் சுவரின் பாதம் வழுக்காமல் பிடிக்கிறது. மேல்மண்ணும் வேரும் உள்ள கருப்பு அடுக்கு முழுக்கப் போக வேண்டும். தோண்டும்போது கடப்பாரை ‘சதக்’ என்று இறங்குகிற இடத்தில் நிறுத்தாதீர்கள், ‘டங்’ என்று திருப்பி அடிக்கிற இடம் வரை போங்கள். நிலம் உறையும் அளவுக்குக் குளிர் அடிக்கும் இடங்களில், காரை வைத்த சுவருக்கும் கான்கிரீட் சுவருக்கும் உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே அடித்தளம் போக வேண்டும்.

அடி ஜல்லி வேறு, பின்பக்க ஜல்லி வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடியில் போடுவது தூசியோடு கலந்ததாக இருக்கலாம். இருந்தால்தான் திமிசு (இடித்து இறுக்கும் கட்டை) போட்டதும் இறுகும். பின்பக்கம் போடுவது தூசி துளியும் இல்லாத, கழுவிய 20 மி.மீ. ஜல்லி. இரண்டையும் ஒரே குவியலாகக் கொட்டிவைத்தால் வேலையின் நடுவில் கை தானாகத் தவறும்.

நீளமான சுவருக்கு மட்டம் எப்படிப் பார்ப்பது?

நான்கு அடி ரசமட்டத்தைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு போனால் சின்னப் பிழைகள் சேர்ந்து கடைசியில் இரண்டு விரற்கடை காட்டும். லெவல் டியூப் இருக்கும்போது எதற்கு வம்பு? கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப், உள்ளே தண்ணீர். அவ்வளவுதான் கருவி. நான் ஒரு மூலையில் குச்சியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன், மச்சான் மறுமூலையில். “மாமா, தண்ணி ஆடுது, கொஞ்சம் நில்லுங்க” என்றான். ஆட்டம் நிற்க அரை நிமிடம் ஆனது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பென்சில் கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் நூல் கட்டியதும்தான் தெரிந்தது, சமதளம் என்று நாங்கள் நம்பிய வாய்க்கால் 11 செ.மீ. சரிவாக இருந்தது. டியூபுக்குள் எங்காவது காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். முதலில் இரண்டு முனையையும் அருகருகே பிடித்துத் தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வடிகால் அவ்வளவு முக்கியமா?

என் முதல் சுவரின் கதை இதுதான். 90 செ.மீ. உயரம், ஒற்றை ஹாலோ பிளாக், பளபளவென்று பூச்சு. துளை வைத்தால் சுவரில் கறை படியும் என்று நானே வேண்டாம் என்றேன். முதல் மழைக்காலம் தாண்டியது. இரண்டாவதில், பெய்து முடித்து இரண்டு நாள் கழித்து, நடுவில் வயிறு வைத்தது. பூச்சில் படுக்கைவாட்டில் ஒரு மயிரிழை விரிசல். மேலே புல்தரையில், சுவருக்கு இணையாக, விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அடுத்த மழையில் அது படுத்துவிட்டது. அகற்றும்போது பின்னால் மண்வெட்டி வைத்தேன். மண்ணாக வரவில்லை, கருப்புக் கூழாக வந்தது. வாரக்கணக்கில் வழியில்லாமல் நின்ற தண்ணீர்.

சரி, இரண்டாவது சுவருக்கு என்ன செய்தேன்? சுவரின் முதுகை ஒட்டி 30 செ.மீ. அகலத்துக்குக் கழுவிய ஜல்லி, அடியிலிருந்து கிட்டத்தட்ட மேல் வரை. ஜல்லியின் அடியில் 100 மி.மீ. துளையிட்ட பைப், ஒவ்வொரு மீட்டருக்கும் 1 செ.மீ. சரிவில். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி. பைப்பின் வாய் சுவரின் முனையைத் தாண்டி வெளியே திறக்கிறது. பைப்பைப் போட்டுவிட்டு அதன் வாயை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வடிகால் இல்லை, தண்ணீர்த் தொட்டி. வாயில் ஒரு கம்பிவலையும் கட்டுங்கள். எலிக்கும் தவளைக்கும் அது நல்ல வீடு.

பைப்பின் துளைகள் மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா?

கீழே. இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். தண்ணீர் மேலிருந்து பைப்பில் சொட்டுவதில்லை. ஜல்லிக்குள் இறங்கி, அடியில் சேர்ந்து, அடியிலிருந்து ஏறுகிறது. துளை கீழே இருந்தால் கொஞ்சம் ஏறியதுமே பைப்புக்குள் புகுந்துவிடும். மேலே இருந்தால் பைப்பின் உயரம் முழுக்க ஏறிய பிறகுதான் புகும், அதுவரை சுவரின் பாதம் ஊறிக்கொண்டிருக்கும்.

சுவரில் ஓட்டை விட்டால் போதாதா?

காரை வைத்த சுவருக்கும் கான்கிரீட் சுவருக்கும் ஓட்டையும் வேண்டும், பின்னால் ஜல்லியும் வேண்டும். 75 அல்லது 100 மி.மீ. பிவிசி பைப் துண்டை, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக, தரைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, 1.5 முதல் 2 மீட்டருக்கு ஒன்றாகப் பதியுங்கள். பின்வாயில் துணியும் ஒரு சட்டி ஜல்லியும் இல்லாவிட்டால் முதல் வருடம் சேறு வடியும், அடுத்த வருடம் அடைத்துக்கொள்ளும்.

துணிக்குப் பதிலாகத் தார்ப்பாய் போடலாமா?

கூடாது. ஜியோடெக்ஸ்டைல் தண்ணீரை விடும், மண்ணைப் பிடிக்கும். தார்ப்பாய் இரண்டையும் பிடிக்கும். கம்பளி மாதிரித் தொடுவதற்கு மெத்தென்று இருக்கும் நெய்யாத வகையைக் கேட்டு வாங்குங்கள். துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று 30 செ.மீ. ஏறட்டும்.

பின்னால் மண் நிரப்புவதில் கவனிக்க வேண்டியது?

அவசரம்தான் பெரிய எதிரி. 15 செ.மீ. அடுக்கு, திமிசு, அடுத்த 15 செ.மீ. என்று போக வேண்டும். செருப்புக் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். தடம் பதியாவிட்டால் அடுத்த அடுக்குக்குப் போகலாம். மொத்தத்தையும் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் விட்டு ‘அமுக்கலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவரிலிருந்து 1 மீட்டருக்குள் கைத்திமிசு மட்டும். கனமான உருளையையோ மண் நிறைந்த டிராக்டரையோ சுவர் ஓரம் கொண்டுவந்தால் நிரப்பும் வேலையே சுவரைத் தள்ளிவிடும்.

கான்கிரீட் என்றால் காத்திருக்கவும் வேண்டும். 7 நாளில் அது தன் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டியிருக்கும். கணக்குப் போட்ட பலம் 28 நாளில். குறைந்தது இரண்டு வாரம் ஈரம் காத்து, பொறுத்து, அப்புறம் நிரப்புங்கள்.

மேல் 15 செ.மீ. மட்டும் ஜல்லியை நிறுத்தி, துணியை மடித்து மூடி, சாதாரண மண்ணால் முடியுங்கள். அந்த மண் சுவரை விட்டு விலகிச் சரியட்டும், அல்லது மேலே ஒரு ஆழமில்லாத வாய்க்கால் ஓடட்டும். கூரைத் தண்ணீர் விழும் பைப் சுவருக்கு மேலே இறங்குகிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். பலரும் மறப்பது அதைத்தான்.

எவ்வளவு ஜல்லி வாங்குவது?

8 மீட்டர் நீளம், வெளியே 90 செ.மீ. தெரியும் சுவர் என்று எடுத்துக்கொள்வோம். அடி வாய்க்கால் 60 செ.மீ. அகலம், அதில் 15 செ.மீ. ஜல்லி: 8 × 0.6 × 0.15 = 0.72 கன மீட்டர். பின்பக்கம் 30 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம்: 8 × 0.3 × 0.9 = 2.16 கன மீட்டர். இரண்டும் சேர்த்து 2.88. இறுகுவதற்கும் சிந்துவதற்கும் 15 சதவீதம் கூட்டினால் 3.3 கன மீட்டர். எடை ஏறத்தாழ 5 டன். ஒரு சட்டி 10 லிட்டர் பிடித்தால் 330 சட்டி. வண்டி எங்கே கொட்டப்போகிறது, அங்கிருந்து சுவருக்கு எத்தனை அடி என்பதை வாங்கும் முன் யோசியுங்கள். நான் வாங்கிய பின் யோசித்தேன்.

மேலே மரம், வேலி, கார்?

மரத்தைத் தள்ளி நடுங்கள். வளர்ந்து முடிந்தால் எவ்வளவு உயரமோ அதை மனதில் வைத்துத் தள்ளுங்கள். வேலிக் கம்பத்தைச் சுவரிலேயே பதித்தால், காற்று வேலியைப் பிடித்து ஆட்டும்போது சுவரின் தலையும் ஆடும். கம்பத்துக்குத் தனிக் குழி, சுவரை விட்டுப் பின்னால். சுவர் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குள் கார், தண்ணீர்த் தொட்டி, செங்கல் குவியல் எதுவும் நிற்கக்கூடாது. நிற்கத்தான் வேண்டும் என்றால் அந்த எடையைக் கணக்கில் சேர்த்துச் சுவரை வரைய வேண்டும்.

தோண்டும்போது ஆபத்து உண்டா?

உண்டு, இதில் விளையாட்டு வேண்டாம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்பு வரை மண் மூடினாலே மூச்சு முட்டும். 1.2 மீட்டருக்கு மேல் செங்குத்தாக வெட்டிய மண்முகத்தின் கீழ் முட்டுக்கொடுக்காமல் இறங்காதீர்கள். அதைவிடக் குறைந்த ஆழத்திலும் குனிந்து வேலை செய்தால் தலை மண்முகத்துக்குக் கீழேதான் இருக்கும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளிக் கொட்டுங்கள். மழை பெய்த மறுநாள் வேலைக்கு விடுமுறை. தனியாகத் தோண்ட வேண்டாம். மழை இல்லாத மாதங்களில் ஆரம்பியுங்கள், ஒரே நாளில் முழு நீளத்தையும் வெட்டித் திறந்து வைக்காதீர்கள்.

எத்தனை நாள் ஆகும்?

நானும் மச்சானும் மேலே சொன்ன 8 மீட்டர் சுவரை அடுக்குக் கல்லில் கட்ட, வார இறுதிகளில் மட்டும் வேலை பார்த்து ஏழு வாரம் ஆனது. அதில் கல் அடுக்கியது மூன்று வாரம்தான். மீதி எல்லாம் தோண்டல், சுமத்தல், திமிசு.

ஏற்கெனவே இருக்கும் சுவர் சாய்ந்திருக்கிறது. இடிக்க வேண்டுமா?

முதலில் சாய்வு ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று பாருங்கள். மேல்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவரின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தேதியோடு சுவரிலேயே எழுதிவையுங்கள். மாதம் ஒரு முறை, பெரிய மழைக்குப் பின் ஒரு முறை. ஆறு மாதம் எண் மாறாவிட்டால், அடைத்த துளைகளைக் குத்தித் திறந்துவிட்டு, மேலே வரும் தண்ணீரைத் திருப்பிவிட்டு, கவனித்துக்கொண்டிருக்கலாம். எண் கூடிக்கொண்டே போனாலோ, நடுவில் வயிறு வைத்தாலோ, பின்னால் தரையில் சுவருக்கு இணையாகப் பிளவு வந்தாலோ, கீழே யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டு பொறியாளரைக் கூப்பிடுங்கள். முன்பக்கம் முட்டுக்கொடுத்துப் பூசி மறைப்பது, காய்ச்சல்காரருக்குப் புதுச்சட்டை போடுகிற மாதிரி.

கட்டி முடித்த பின் என்ன பராமரிப்பு?

பெரிய மழை பெய்கிறபோது குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பைப்பின் வாயைப் பாருங்கள். தண்ணீர் தெளிவாக வந்தால் எல்லாம் நலம். கலங்கலாக வந்தால் துணி எங்கோ கிழிந்து மண் வெளியேறுகிறது. நல்ல மழையிலும் ஒன்றுமே வராவிட்டால் அடைத்திருக்கிறது. மறுமுனையிலிருந்து தோட்டக்குழாயை விட்டுக் கழுவுங்கள். அதற்காகவே பைப்பின் மேல்முனையை ஒரு மூடியோடு தரைக்கு மேல் கொண்டுவந்து விடுவது நல்லது. நான் அதையும் செய்யவில்லை. போன வருடம்தான் மூலையில் ஒரு முழம் தோண்டி வைத்தேன்.